வந்தாறுமூலையில் கல்வியியலா, கல்வியியற் கல்லூரியா? படித்தவர்கள் சொல்லுங்கள்

தம்பிலுவில் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரம் கலைப்பிரிவு. தமிழ், புவியியல், இந்து நாகரிகம் எடுத்தேன். இசட் புள்ளியை (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) பார்த்த எங்கள் சேர், வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும் என்கிறார். ஆசிரியர்களைப் பயிற்றுகிற கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட இருக்கிறேன்.

சின்ன வயதில் இருந்தே ரீச்சராக வர வேண்டும் என்றுதான் ஆசை. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. எந்த வழியால் போவது என்பதில்தான் வீட்டில் சண்டை. அப்பா சொல்கிறார், "கொலிஜுக்குப் போனால் மூன்று வருடத்தில் நியமனம். கம்பஸ் முடித்தவர்கள் வேலை கேட்டு ரோட்டில் இருப்பதை நீ பார்க்கவில்லையா?" அம்மாவுக்குப் பட்டமளிப்புப் படம் சுவரில் தொங்க வேண்டும். அண்ணா எதுவும் சொல்ல மாட்டார், போனில் இருப்பார்.

வந்தாறுமூலையில் கல்வியியலைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டேன். அப்படிப் படித்தால் நேரே ஆசிரியர் ஆகலாமா? உண்மையில் அங்கே என்ன படிப்பிக்கிறார்கள்? இங்கிலிஷ் எவ்வளவு வேண்டும்? அங்கே படித்த அக்காமார், அண்ணாமார் யாராவது இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள்.

---

நிந்தவூரான் எழுதியது:

தங்கச்சி, நான் அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி செய்தவன். இப்போது தரம் 1 வகுப்பு.

கொலிஜ் படிப்பு மூன்று வருடம். முதல் இரண்டும் உள்ளே தங்கிப் படிப்பது. மூன்றாவது வருடம் கட்டுறுப் பயிற்சி, அதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பித்துப் பழகுவது. உள்ளே இருக்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித்தான் நடத்துவார்கள், காலைக் கூட்டம், துப்புரவு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் நேரசூசி. சில பேருக்கு அது மூச்சு முட்டும். எனக்குப் பிடித்தது. டிமை என்கிற பெரிய தாளில் பிளாட்டிக்னம் என்கிற தடித்த பேனையால் கோணாமல் எழுதுவது முதல், தரம் 1 பிள்ளை அழுதுகொண்டு வந்தால் முதல் பத்து நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்பது வரை கையோடு பழக்கி விடுவார்கள். பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்புக்குள் கால் வைக்க விட மாட்டார்கள்.

அப்பா சொல்வது சரிதான், நியமனம் இந்த வழியில்தான் சுருக்காக வரும். ஆனால் ஊரில் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு முதல் நியமனம் வெளி மாகாணத்தில். உம்மா அழுதா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலிஜில் தருகிற டிப்ளோமாவோடு நிற்க முடியாது. நான் இப்போது வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் தூங்கின பிறகு இரவில் புத்தகத்தைத் திறப்பது லேசான காரியம் இல்லை. கொலிஜா கம்பஸா என்று கேட்கிறீர்கள், கடைசியில் இரண்டும் செய்யத்தான் வேண்டி வரும். எது முதல் என்பதுதான் கேள்வி.

---

பாதைக்காரி எழுதியது:

நிந்தவூர் நானா கொலிஜ் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் கம்பஸ் பக்கத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

நான் களுவாஞ்சிகுடி. வந்தாறுமூலையில் கலை கலாசார பீடம். முதல் வருடம் புவியியல், தமிழ், கல்வியியல் என்று எடுத்து, பிறகு கல்வியியலில் சிறப்புக் கற்கை. இப்போது மண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். குருமண்வெளியில் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவையில், மோட்டார் சைக்கிளை ஏற்றி வாவியைக் கடந்துதான் தினமும் போவது. மழைக்குப் பாதை ஓடாவிட்டால் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும்.

முதலில் உங்கள் நேர்க் கேள்விக்குப் பதில்: இல்லை, நேரே ஆக முடியாது. கல்வியியலில் பட்டம் எடுத்தாலும் அது ஆசிரியர் தொழிலுக்கான பயிற்சி ஆகாது. கொலிஜ் முடித்தவருக்கு அந்த டிப்ளோமாவே தொழில் தகைமை. எங்களைப் போன்ற பட்டதாரிகள் ஆட்சேர்ப்பு வரும்வரை காத்திருந்து, போட்டிப் பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்டி நியமனம் எடுத்து, அதற்குப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்ய வேண்டும். நான் அதைச் சனி ஞாயிறுகளில் செய்தேன். இந்த விஷயம் தெரியாமல் கல்வியியலுக்குப் பதிந்தவர்கள் எங்கள் பிரிவிலேயே இருந்தார்கள். மூன்றாம் வருடத்தில் தெரிய வந்தபோது சிலர் அழுதார்கள்.

அப்படியென்றால் அங்கே என்ன படிப்பிக்கிறார்கள்? எப்படிப் படிப்பிப்பது என்பதைவிடப் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்பதைத்தான் கூடுதலாகப் படித்தோம். கல்வித் தத்துவத்தில் பிளேட்டோ, ரூசோ, டூயி. உளவியலில் பியாஜே, வைகொட்ஸ்கி. சமூகவியல், அளவீடும் மதிப்பீடும், புள்ளிவிபரம். புள்ளிவிபரம் என்றால் பயப்படத் தேவையில்லை, சாதாரண தரக் கணிதம் போதும். ஆனால் பயந்தே தீருவீர்கள், எல்லாரும் பயந்தோம்.

இலங்கைக் கல்வி வரலாறுதான் எனக்குப் பிடித்தது. கல்வி மந்திரியாக இருந்த கன்னங்கராவின் குழு அறிக்கை 1943 இல் வந்தது, 1945 இல் இலவசக் கல்வி தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியாகப் பாடமாக்கியதை, யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்று அங்கே வாரக் கணக்காகப் பேசினோம். அதோடு இன்னொரு விஷயம். இப்போது கம்பஸ் இருக்கும் வளவு முன்பு வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம். 1981 இல் அதில்தான் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது, 1986 இல் பல்கலைக்கழகமானது. எங்கள் அம்மாவுக்கு அந்த வளவு என்றால் 1990 தான். யுத்தத்தில் அகதியாக அங்கே இருந்தவ. எனக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது "அங்கேயா?" என்றுதான் முதலில் கேட்டா. பிறகு ஒன்றும் பேசவில்லை, பெட்டி அடுக்க வந்துவிட்டா.

சரி, ஆய்வுக்கு வருகிறேன். கடைசி வருடம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அந்த ஒன்றுக்காகவே அந்தப் படிப்பைப் படிக்கலாம் என்பேன். நான் எடுத்த தலைப்பு மாணவர் வரவின்மை. போரதீவுப்பற்றில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கல்வி அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் எடுத்துக்கொண்டு போனேன். அதிபர் நல்ல மனிசன், அலுமாரியைத் திறந்து பழைய வரவு இடாப்புகளைத் தூக்கி மேசையில் போட்டார். "எண்ணு மகள்" என்றார். கரையான் தின்ற ஓரம், சிவப்புப் பேனையால் வரிசையாக வட்டங்கள். அந்தச் சிவப்பு எல்லாம் பள்ளிக்கு வராத நாள்.

நான் போகும்போதே காரணத்தை வைத்துக்கொண்டுதான் போனேன். வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை, அறுவடைக்குப் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப் போவது. படித்த கட்டுரைகள் எல்லாம் அதையே சொல்லின. ஆனால் இடாப்பில் அறுவடை மாதங்களில் பெரிதாகச் சிவப்பு இல்லை. வெட்டு மிஷின் வந்த பிறகு வயலில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? கார்த்திகை, மார்கழியில்தான் சிவப்பு அப்படிக் கிடந்தது. அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை. ஒரு பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்.

அதிபரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "நவகிரிக் குளத்து வான்கதவு திறந்தால் அந்தப் பக்கத்து ரோட்டில் தண்ணி. தண்ணி மேலால பாயுற சப்பாத்துப் பாலத்தில் பிள்ளையை யார் விடுவா?" அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் வற்றின பிறகும் சில பிள்ளைகள் வாரக் கணக்கில் வரவில்லை. அதை வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது: அந்த வீடுகளில் தாய் வெளிநாட்டில், அம்மம்மாதான் வளர்க்கிறா. ஈரமான சப்பாத்தையும் புத்தகத்தையும் காய வைத்துப் பிள்ளையை மறுபடி கிளப்பி அனுப்ப அவவால் ஏலாது. ஒரு அம்மம்மா சொன்னா, "நான் எழுப்ப எழும்புறான் இல்ல புள்ள, எனக்குப் பின்னால ஓடவும் ஏலாது." கட்டாயக் கல்வி வயதை 2016 இல் 16 ஆக்கினார்கள் என்று நான் முதல் அத்தியாயத்தில் எழுதி வைத்திருந்தேன். அந்த அம்மம்மாவுக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கம்பஸ் எனக்குத் தந்தது அதுதான். பிள்ளை வரவில்லை என்றால் ஏன் என்று கேட்கிற பழக்கம். இப்போது என் வகுப்பில் யாராவது இரண்டு நாள் வராவிட்டால் பின்னேரம் மோட்டார் சைக்கிளை அந்த வீட்டுப் பக்கம் திருப்புகிறேன். ஆனால் வந்த பிள்ளையை 40 நிமிடம் எப்படி இருத்தி வைப்பது என்று கம்பஸ் எனக்குச் சொல்லித் தரவில்லை. நியமனம் கிடைத்து முதல் நாள் வகுப்புக்குள் போனபோது பியாஜே ஒரு உதவிக்கும் வரவில்லை. பக்கத்து வகுப்பு ஆரம்பப் பிரிவு ரீச்சர், கொலிஜ் படித்தவ, அவதான் கையைப் பிடித்து நடத்தினா.

இங்கிலிஷ்: கலைப் பீடத்தில் நான் படித்தது தமிழில்தான். ஆனால் இங்கிலிஷ் பாடம் கட்டாயம். ஆய்வுக்கு வாசிக்கத் தொடங்கினால் நல்ல கட்டுரைகள் பாதிக்கு மேல் இங்கிலிஷில்தான் இருக்கும். முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் இப்போதே ஒரு வகுப்புக்குப் போங்கள்.

---

தம்பிலுவில் பிள்ளை எழுதியது:

அக்கா, நானா, இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வெள்ளத்துக்குள்ள எல்லாம் போகணுமா" என்று கேட்டா. :)

அக்கா, பட்டப்பின் டிப்ளோமாவில் கற்பித்தல் பயிற்சி இருக்கிறதுதானே? அதில் கற்றுக்கொண்டால் போதாதா? நாலு வருடம் முடித்து, பிறகு எவ்வளவு காலம் நியமனத்துக்குக் காத்திருந்தீர்கள்?

---

பழைய ஆலோசகர் எழுதியது:

மகள், நான் அதிபராக இருந்து பிறகு ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன். 1985 இல் கல்வியியற் கல்லூரிகள் வருமுன் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற தலைமுறை. ஆகவே இரண்டு பக்கத்தையும் வெளியில் நின்று பார்த்திருக்கிறேன்.

பாதைக்காரி மகள் நன்றாக எழுதியிருக்கிறா. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பட்டதாரிகளாக வருபவர்களில் கனபேர் பாடக்குறிப்பு எழுதுவதைக் கீழான வேலையாக நினைக்கிறார்கள். கேட்டால், "சேர், நாங்கள் ஆய்வு செய்தவர்கள்" என்பார்கள். பிள்ளைக்கு உன் ஆய்வு எதற்கு? வகுப்பில் சத்தம், கரும்பலகையில் தலைப்பு இல்லை, திகதி இல்லை. கல்லூரியில் பயின்றவர்களிடம் இந்த ஒழுங்கு இருக்கும். என் அபிப்பிராயம், முதலில் கல்லூரி, பிறகு பட்டம்.

---

பாதைக்காரி எழுதியது:

ஐயா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். திகதி போடாத பட்டதாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சத்தம் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா, கோபிக்காதீர்கள். தங்கச்சி கேட்ட கற்பித்தல் பயிற்சிக் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மேற்பார்வைக்கு ஆள் வருகிற நாள். பத்தாம் தரம், சமவுயரக் கோடுகள், அதாவது படத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற கோடுகள். எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் வயலும் வாவியும்தான், பிள்ளைகள் மலையைக் கிட்டப் பார்த்ததே இல்லை. தூரத்துக் குடும்பிமலையைச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். 1:50,000 இடவிளக்கப் படத்தைக் கையில் கொடுத்தால் புழு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கிறது என்பார்கள்.

சந்தையில் வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) வாங்கினேன். ஒரு பக்கம் சரிவாகவும் மற்றப் பக்கம் செங்குத்தாகவும் இருக்கிற, கோணல் மாணலான கிழங்குகளாகப் பொறுக்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார், நல்லதை விட்டுவிட்டு இதை எடுக்கிறாளே என்று. நெடுக்காகப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் அது மலை. குழுவுக்கு ஒன்று, ஒரு கத்தி, ஒரு டிமை தாள். முதலில் தாளில் வைத்து அடியைச் சுற்றிக் கோடு. அடியில் இருந்து ஒரு விரல் தடிப்புக்குச் சீவி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கீறிய கோட்டுக்குள்ளே வைத்து மறுபடி கோடு. அப்படியே உச்சி வரை. இடம் மாறாமல் வைப்பதற்காக ஈர்க்கில் குத்தி ஓட்டை போட்டுத் தந்திருந்தேன்.

மூன்றாவது கோட்டில் ஒரு குழுவில் சண்டை தொடங்கியது. "இந்தப் பக்கம் கோடெல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது, பிழை, நீ ஆட்டிப் போட்டாய்" என்று ஒருவன். இன்னொருத்தி கிழங்கைத் தூக்கிப் பிடித்து, "ஆட்டயில்ல, இந்தப் பக்கம் செங்குத்து, பார்" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுக்க அந்தச் சண்டைதான். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "மிஸ், கோடு கிட்டக் கிட்ட இருந்தா மாடு ஏறாது, எட்ட எட்ட இருந்தா ஏறும், அதானே?" என்றான். மாடு மேய்க்கிற பிள்ளை அவன். பரீட்சையில் எழுத வேண்டிய வசனம் அது இல்லை, ஆனால் சாய்வு என்றால் என்ன என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

மேற்பார்வைக்கு வந்தவர் பாடத்துக்கு நல்ல புள்ளி போட்டார், வகுப்புக் கட்டுப்பாட்டுக்குக் குறைத்தார். "இரைச்சல் அதிகம்" என்று எழுதினார். அந்த இரைச்சலில்தான் பாடம் நடந்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று பாடக்குறிப்பும் இருந்தது ஐயா, திகதியும் போட்டிருந்தேன்.

தங்கச்சி, கற்பித்தல் பயிற்சி போதாதா என்று கேட்டீர்கள். அந்தப் பயிற்சி உங்களுக்கு வருவது, ஏற்கனவே பள்ளிக்கூடத்தில் தனியாக நின்று தத்தளித்த பிறகு. கொலிஜில் அது நியமனத்துக்கு முன்னால் வந்துவிடும், கட்டுறுப் பயிற்சி என்று ஒரு வருடம் முழுக்க. அதில் அவர்களுக்கு எங்களைவிட வாய்ப்புக் கூட.

காத்திருப்பு எங்களுக்கு வருடக் கணக்கில் போனது. ஆட்சேர்ப்பு எப்போது வரும், எந்தப் பாடத்துக்கு எத்தனை வெற்றிடம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு அலுவலகத்தில் "அடுத்த மாதம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டு விறாந்தையில் ரியூசன் படிப்பித்தேன், கொம்யூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். அப்பாவின் பயம் வீண் பயம் இல்லை. வீட்டில் உங்கள் சம்பளத்தை எதிர்பார்க்கிற நிலை என்றால், யோசிக்கவே தேவையில்லை, கொலிஜுக்குப் போங்கள், பட்டத்தைப் பிறகு எடுக்கலாம். அப்படி அவசரம் இல்லை, காத்திருக்க ஏலும் என்றால் வந்தாறுமூலைக்குப் போங்கள். ஆனால் கல்வியியலோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பாடம் ஒன்றையும் கட்டாயம் எடுங்கள். உங்களுக்குப் புவியியல் இருக்கிறது, அதை விட வேண்டாம். ஆட்சேர்ப்பில் பாடம் பார்த்துத்தான் வெற்றிடம் வரும். கல்வியியல் என்று பாடசாலையில் ஒரு பாடம் இல்லையே.

---

பழைய ஆலோசகர் எழுதியது:

கிழங்கு நல்ல யோசனை. சத்தத்தைப் பற்றிய என் கருத்தை மாற்றவில்லை, ஆனால் அந்த மாடு மேய்க்கிற பிள்ளைக்கு நானும் புள்ளி போட்டிருப்பேன்.

---

நிந்தவூரான் எழுதியது:

அந்தக் கிழங்குப் பாடத்தை நான் எடுக்கப் போகிறேன், தரம் 1 க்கு மலை வேண்டாம், வட்டம் போதும். கத்தி நான்தான் பிடிப்பேன்.

தங்கச்சி, ஒரு விஷயம். கல்வியியற் கல்லூரி விண்ணப்பம் வர்த்தமானியில்தான் வரும். எந்தப் பாடநெறிக்கு என்ன தகைமை, வயது எல்லை என்ன, பல்கலைக்கழகத்துக்குப் பதிந்திருந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதிலேயே போட்டிருப்பார்கள். பேஸ்புக்கில் வருகிறதை நம்பாமல் அதை வரி வரியாக வாசியுங்கள். நேர்முகத்துக்கு மூலச் சான்றிதழ்கள் எல்லாம் தயாராக வேண்டும். விளையாட்டு, தமிழ்த்தினம் என்று ஏதாவது சான்றிதழ் இருந்தால் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

---

தம்பிலுவில் பிள்ளை எழுதியது:

தமிழ்த்தினப் போட்டிச் சான்றிதழ் இருக்கிறது நானா, கறையான் தின்னாமல் இருந்தால். அப்பா இப்போது கேட்கிற கேள்வி வேறு: வந்தாறுமூலை என்றால் தங்குவது எங்கே, மாதம் எவ்வளவு போகும்? தம்பிலுவிலில் இருந்து தினமும் வந்து போகலாமா?

---

பாதைக்காரி எழுதியது:

தினமும் ஏலாது, அதை விடுங்கள். அக்கரைப்பற்றில் இருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து வாழைச்சேனைப் பஸ்ஸில் செங்கலடி தாண்டி இறங்க வேண்டும். போகவும் வரவும் பாதி நாள் போய்விடும்.

முதலாம் வருடம் எனக்கு விடுதி கிடைத்தது. கிடைக்காத வருடத்தில் நாலு பேராகச் சேர்ந்து செங்கலடியில் ஒரு வீட்டின் பின்னறையை எடுத்தோம். சமைத்துச் சாப்பிட்டால் செலவு தெரியாது, காலையில் புட்டும் தேங்காய்ப்பூச் சம்பலும், பின்னேரம் கன்டீனில் பிளேன்ரீ. வீட்டு வருமானம் குறைவு என்றால் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கலாம். கிராம சேவகரிடம் வருமானச் சான்று எடுக்க வேண்டி வரும், அப்பாவை இப்போதே போய்க் கதைத்து வைக்கச் சொல்லுங்கள். கட்டில், மெத்தை வாங்காதீர்கள், முடித்துப் போகிறவர்கள் மலிவாகத் தருவார்கள். நுளம்பு வலை மட்டும் புதிதாக வாங்குங்கள்.